இடமிருந்து வலம்

"அது விக்கிறதுக்கு இல்லீங்க. கீழ வைங்க."

பழைய பத்திரிகைப் படங்களை மூட்டையாக வாங்கிச் சில்லறையாக விற்கும் மனிதர், வீடு தேடி வந்த வாடிக்கையாளரை இப்படி விரட்டி அவர் மனைவி பார்த்ததே இல்லை. மூடிப்போன ஒரு பத்திரிகை ஆபீசின் மூட்டை அன்று காலைதான் வந்திருந்தது. அவர் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் அதைப் பிரித்து மேசையில் பரப்பிவிட்டாள்.

வந்தவர் நரைத்த தாடிக்காரர். குவியலிலிருந்து அந்த ஒன்றை உருவி, முதலில் படத்தின் முதுகைத் திருப்பி, ஒட்டியிருந்த குறிப்பைப் படித்தார். இந்த வியாபாரத்தில் மவுசே முதுகுக்குத்தான். விவரம் தெரிந்த ஆள்.

வியாபாரிக்கு வியர்த்தது. வீட்டின் முன்னறைதான் கடை, சுற்றிலும் கூரை முட்டும் பெட்டிகள். இருந்த ஒரே வாசலில் காபித் தட்டோடு மனைவி நின்றாள்.

"ஐயோ, அந்தப் படமே கிடைச்சிடுச்சா!" அவள் முகம் மலர்ந்தது. "இதைத் தேடித்தாங்க இவர் இந்தத் தொழிலுக்கே வந்தார். பேப்பர்ல வந்ததைக் கரையான் தின்னுடுச்சு. இடது பக்கம் நிக்கிறது இவர்தான். ஸ்கூட்டர் இடிச்சு ரோட்டுல கிடந்த எங்கப்பாவைத் தோள்ல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவர்!"

"சும்மா இருடி." தேள் கொட்டியதை வெளியே சொல்ல முடியாதவர் குரல் அது.

"தற்பெருமையே பிடிக்காது இவருக்கு. பாருங்க, சட்டைப் பையைக்கூட வலது பக்கம் வெச்சுத் தெச்சிருக்கார். அப்பவே ஸ்டைல்! அப்பாவுக்கு ரெண்டு நாள் நினைவே இல்ல. கண் முழிச்சு பேப்பரைப் பார்த்துட்டு, 'என் உசிரு இந்தப் புள்ள போட்ட பிச்சை'ன்னு என்னையே கட்டிக் கொடுத்துட்டார்."

"போதும்னு சொல்றேன்ல!"

"வலது பக்கம் நிக்கிறானே, இந்தப் பாவிதான் இடிச்சவன். அப்பாவுக்கு ஒரு காலே போச்சு. போலீஸ் கேட்டப்போ அப்பா பேப்பர்ல இவன் மூஞ்சியைத்தான் தொட்டுக் காட்டினார். ஆறு மாசம் உள்ள இருந்தான்."

"ஆறு இல்லம்மா, எட்டு" என்றார் தாடிக்காரர்.

காபித் தட்டை மேசையில் வைத்தாள். அவள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தாடியை எடுத்துவிட்டால் அதே மூக்கு, அதே ஏறு நெற்றி.

"மரியாதையா வெளிய போய்யா!" கணவர் படத்தைப் பிடுங்கப் பாய்ந்தார். பெட்டி இடறித் தடுமாறினார். அதற்குள் தாடிக்காரர் படத்தை அவள் கையில் கொடுத்திருந்தார்.

"எதுக்கு வந்தீங்க?" என்றாள் அவள். "மன்னிப்புக் கேக்கவா? அதைக் கேக்க எங்கப்பா இல்ல."

"வீட்டுல கண்ணாடி இருக்காம்மா?"

அத்தனை கோபத்திலும் கேட்டதை இல்லையென்று சொல்ல அவளுக்கு வரவில்லை. மேசையிலிருந்த கணவரின் மூக்குக் கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

"இது இல்லம்மா. முகம் பாக்கற கண்ணாடி. இருபத்தெட்டு வருஷமா நானும் இந்தப் படத்தைத்தான் தேடறேன். குறிப்பு எழுதினவர் சரியாத்தான் எழுதியிருக்கார். பிரின்ட் போட்டவர்தான் அவசரத்துல ஃபிலிமைத் திருப்பிப் போட்டுட்டார்."

"அவன் உளர்றான். அதை இங்க கொடு" என்றார் கணவர்.

அவள் சுவர்க் கண்ணாடி முன் படத்தைப் பிடித்தாள். உலகத்துச் சட்டைகளுக்கெல்லாம் இருப்பதுபோல் பை இடது பக்கம் வந்திருந்தது. இரண்டு ஆண்களும் இடம் மாறி நின்றார்கள்.

படத்தைத் திருப்பி முதுகைப் படித்தாள். 'இடமிருந்து வலம்: தூக்கி வந்தவர், இடித்தவர்.'

மெல்லக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"அப்போ... எங்கப்பா காலை எடுத்தது நீங்களா?"