வந்து பார்த்தவர்

மகள் சரிதாவுக்குத் தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் வந்த வரன் எல்லாவற்றையும் தட்டிக் கழித்த பூவராகன், ஹேமநாத்தையும் வேண்டாம் என்றார். மனைவி காந்திமதிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"பொண்ணு பார்க்க வந்தப்ப நெத்தி நிறைய விபூதி. காபி பழக்கம்கூட இல்லைன்னான். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அவனோட ஆர்க்குட் பக்கத்தைத் திறந்து பார்த்தா கறுப்புக் கண்ணாடி, கையில பீர் பாட்டில். வீட்டுக்கு ஒரு முகம், நெட்டுக்கு ஒரு முகம்."

"சரிதாவுக்குப் பிடிச்சிருக்குங்க."

"பொய் முகம் காட்டுறவனுக்குப் பொண்ணு கிடையாது. நீயே போன் பண்ணிச் சொல்லிடு."

இந்த மாதிரி வேலை மட்டும் எப்போதும் அவள் தலையில்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஹேமநாத்தின் அம்மா புஷ்பலதாவுக்குப் போன் செய்தாள்.

"உங்க பையனோட ஆர்க்குட் போட்டோவை இவர் பார்த்துட்டாராம்..."

"தெரியுங்க. யார் வந்து பார்த்தாலும் அதுல அவங்க பேர் காட்டுமாம். சார் பேரும் காட்டுச்சு. பையன் அதை அழுத்தினான், சாரோட பக்கமே வந்துடுச்சு."

"இவரோட பக்கமா?"

"ஆமாங்க. வயசு முப்பத்தஞ்சு, கல்யாணம் ஆகலைன்னு போட்டிருக்கார். அன்னிக்கு எங்களுக்குக் கேசரி கொடுத்தீங்களே, நீங்க அவருக்கு என்ன வேணும்?"

காந்திமதி ரிசீவரைக் கணவரிடம் நீட்டினாள்.

"கல்யாணம் ஆகாத பையன் இங்கதான் உக்காந்திருக்கார். அவர்கிட்டயே கேட்டுக்குங்க."