இடம் பிடித்த துண்டு

சுசீலாபாய் கொழும்பிலிருந்து கப்பலேறித் திருவனந்தபுரம் பார்க்க வந்திருந்தாள். பழவங்காடியில் சங்குமுகம் பஸ் வந்து நின்றதும், அவள் கணவர் சத்தியதாஸ் ஊர்ப் பழக்கப்படி தோள் துண்டை ஜன்னல் வழியே போட்டு இடம் பிடித்தார். ஏறிப் பார்த்தால், அதே இருக்கையில் அவர் துண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு துண்டு சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. அதே நீலக்கரை. மூலையில் அவள் தைத்துக் கொடுத்த அதே சிவப்புப் பூ.

"பூ எல்லாருந்தான் தைப்பாங்க, விடு" என்று சிரித்தார் சத்தியதாஸ்.

அங்கே உட்காரப் போனவர்களிடம் கண்டக்டர், "அவிட ஆளுண்டு கேட்டோ" என்றார். கடற்கரை வரை அந்த இடம் காலியாகவே வந்தது.

கடலைக் கண்டதும் சத்தியதாஸ் வேட்டியை மடித்துக் கட்டினார். "காலை மட்டும் நனைச்சிட்டு வாறேன்."

"வேண்டாங்க. சொன்னா கேளுங்க."

அவர் கையைப் பிடித்தவள் பிறகு விடவே இல்லை. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்திருந்தார்.

மாலையில் அதே பஸ் வந்தது. நெரிசலில் முண்டியடித்து ஏறும்போதும் அவள் பிடியைத் தளர்த்தவில்லை. ஈரத்துண்டு அங்கேயேதான் கிடந்தது. கூடவே ஏறிய சத்தியதாஸ் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆளு வந்தாச்சல்லோ, போகாம்" என்று கண்டக்டர் மணியடித்தார்.

பஸ் நகர்ந்தது. சுசீலாபாய் ஜன்னல் வழியே கடற்கரையைப் பார்த்தாள். மணலில் சத்தியதாஸ் தம்முடைய உலர்ந்த துண்டை வீசி வீசி பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள்.

கைக்குள் இருந்த கை அவளை விடவில்லை.