தோல்விக்கு யார் காரணம்?

உள்ளே போன எவரும் திரும்பி வரவில்லை.

முதலில் போனவர் டை கட்டியவர். அடுத்தவர் கழுத்தில் விசில் மாட்டியவர். அதற்கடுத்தவர் ஓயாமல் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தவர். கிளப் ஆபீஸ் கதவு ஒவ்வொருவரையும் விழுங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டது. வராந்தா பெஞ்சில் இப்போது மிஞ்சியிருந்தவர் கோச் மட்டும்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் தொம், தொம் என்று ஏதோ இடித்தது. நடுநடுவே யாரோ மூக்கால் முனகுவதுபோல ஒரு சத்தம். கோச் பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

எழுந்து ஓடியிருக்கலாம். ஓடினால் மச்சானின் டைல்ஸ் கடைதான் கதி. பழைய கிளப் கைகழுவியதிலிருந்து அவர் அங்கேதான் பாத்ரூம் டைல்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். “நம்ம மாப்பிள்ளை பெரிய கோச்சு, இப்போ பாத்ரூம்ல பயிற்சி குடுக்குறாரு” என்று வருகிறவர்களிடமெல்லாம் மச்சான் அறிமுகப்படுத்துவார். இன்றைய இன்டர்வியூவில் இந்த அணியின் மேனேஜர் வேலையும் கிடைக்கவில்லையென்றால் கால்பந்து என்ற பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாதென்று சொல்லித்தான் காலையில் மனைவி சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள்.

கிளப்பும் லேசுப்பட்டதல்ல. தோற்ற தோல்வியில், ஸ்கோர் போர்டில் இவர்கள் பக்கத்துப் பூஜ்யம் துருப்பிடித்து ஆணியோடு ஒட்டிவிட்டது. எதிரணி கோல்கீப்பர்கள் இந்த மைதானத்துக்குக் கையுறைக்குப் பதில் தலையணை கொண்டுவந்தார்கள். மேனேஜர்கள் மாறிய வேகத்தில், கதவில் பெயர் எழுதுகிற பெயிண்டருக்குக் கை சுளுக்கிக்கொண்டது.

“அடுத்து யாருங்க?” கதவிடுக்கிலிருந்து ஒரு கரகரத்த குரல்.

நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். கிளப்பை நடத்துகிற கமிட்டியே கூடியிருக்கிறது என்று கோச் பெரிய கும்பிடாகப் போட்டார். நடுவில், பீரோவுக்குக் கை கால் முளைத்ததுபோல ஒரு மீசைக்காரர். ஒரு பக்கம் கண்ணாடி போட்ட அம்மாள், மறுபக்கம் குச்சிபோல ஒருவர். மூவருக்குமே தொண்டை கட்டியிருந்தது.

அவர்கள் தலைக்கு மேலே சுவரில், பெரிய படம் ஒன்று மாட்டியிருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. குச்சிக்காரர் மின்விசிறியைப் போடப் போய், இருந்த சுவிட்சையெல்லாம் தட்டிப் பார்த்து, விளக்கும் மணியும்தான் கிடைக்க, கடைசியில் கையாலேயே விசிறிக்கொண்டு உட்கார்ந்தார்.

தொம். பூட்டியிருந்த பக்கத்து அறைக் கதவு அதிர்ந்தது. கோச்சின் கண் அங்கே போனதைப் பார்த்த அம்மாள், அது ஜெர்ஸி துவைக்கிற மெஷின், பழசு, அப்படித்தான் ஆடும் என்றார். மெஷின் “ம்ம்ம்” என்றது.

முன்னால் வந்தவர்கள் எங்கே என்று கோச் மெல்லக் கேட்டார். பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டதாகச் சொன்னார் மீசைக்காரர். எங்கே அனுப்பினார் என்பதைச் சொல்லவில்லை.

“ஒரே ஒரு கேள்விதான். இந்த டீம் இப்படித் தோக்குதே, யார் காரணம்? யோசிச்சுச் சொல்லுங்க. முன்னாடி வந்தவங்க யோசிக்கல.”

டைக்காரர் ஆட்டக்காரர்களைக் குறை சொன்னாராம். விசில்காரர் மைதானத்துப் புல்லை. சூயிங்கம்காரர், பார்க்க வருகிற கூட்டம் போடுகிற கூச்சல்தான் காரணம் என்றாராம். இதைச் சொல்லும்போது மீசைக்காரர் கையிலிருந்த பென்சில் படக்கென்று முறிந்தது.

கோச் வீட்டிலேயே ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தார். இப்படி ஒரு கமிட்டி உலகத்திலேயே கிடையாது, பாவம், அதிர்ஷ்டம்தான் சரியில்லை என்று. வாயைத் திறந்த நேரம் பார்த்து இன்னொரு தொம். பயத்தில் தயாரித்த பொய் மறந்துபோய், உண்மை வெளியே வந்து விழுந்தது.

“கமிட்டிதாங்க காரணம். கோல் போடுற ஒரே ஆளை வித்துட்டு, தலைவரோட மருமகனைக் கோல்கீப்பரா நிக்க வெச்சா வேற என்ன ஆகும்? அவரு பந்து வந்தாலே கண்ணை மூடிக்கிறாரு.”

மீசைக்காரர் எழுந்தார். எழுந்துகொண்டே இருந்தார், அவ்வளவு உயரம். மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். கோச் கண்ணை இறுக மூடி டைல்ஸ் கடையை நினைத்துக்கொண்டார். அது சொர்க்கமாகத் தெரிந்தது.

விலா எலும்பெல்லாம் இடம் மாறும்படி ஓர் அணைப்பு விழுந்தது. கண்ணைத் திறந்தால், மீசைக்காரர் தேம்பிக்கொண்டிருந்தார். குச்சிக்காரர் மூக்கை உறிஞ்சினார். அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, வேலை கோச்சுக்குத்தான் என்றும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் முதல் காரியமாக அந்த மருமகனை உட்கார வைத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

தன்மேல் பழி போட்டவனையே கட்டிக்கொண்டு அழுகிற கமிட்டியைக் கோச் எந்த ஊரிலும் கண்டதில்லை. இந்தச் செய்தியைக் கேட்டதும் மச்சானின் முகம் போகிற போக்கை நினைத்துப் பார்த்தார். இருந்தாலும் அடிபட்ட மனசு. ஒரு தடவை உறுதி செய்துகொண்டால் நிம்மதி.

“அப்போ தலைவரே, வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிடலாமா?”

மீசைக்காரர் தனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். “நானா? நான் கேலரியில உக்காந்து டிரம் அடிக்கிற ரசிகன்.”

அம்மாள் கைப்பையைத் துழாவி, ஒரு சாவியை எடுத்துக் கோச்சின் உள்ளங்கையில் வைத்தார்.

“தலைவர் அந்த ரூம்ல இருக்காரு தம்பி. வாயில இருக்கிற சாக்ஸை எடுத்துட்டு, நீங்களே கேட்டுக்கங்க.”