அஞ்சலி செலுத்துவோர்

தனுஷாந்த் இறந்து இருபத்தாறு மணித்தியாலம் ஆகியிருந்தது. பெரியகல்லாற்று அச்சகத்தில் அவனுடைய படத்தை நீட்டினாள் நிரோஜினி.

"கண்ணீர் அஞ்சலி பேனர் ஒண்டு வேணும் அண்ணன்."

"வீட்டாக்கள் காலையிலேயே அடிச்சிட்டுப் போயிட்டாங்க தங்கச்சி. அப்பா, அம்மாவில இருந்து ஒண்டுவிட்ட மச்சான் வரைக்கும் பேர் போட்டாச்சு. இது ஆர் பேரில?"

"நண்பர்கள் எண்டு போடுங்க."

"எத்தனை பேர்? ஒருத்தர்ர பேர் விட்டாலும் என்னோடதான் சண்டைக்கு வருவாங்க."

"ஒராள்தான்."

அச்சகக்காரர் சிரித்தார். "ஒராள் எப்பிடி நண்பர்கள் ஆகிற? பேரச் சொல்லுங்க."

கணினித் திரையில் தனுஷாந்தின் முகத்துக்குக் கீழே இடம் வெறுமையாக இருந்தது.

"நிரோஜினி."

"என்ன முறை போட?"



"போன மாசம் ஆருக்கும் சொல்லாமப் பதிவுக் கலியாணம் முடிச்சம். மனைவி எண்டு போடுங்க."