ஒரு கரண்டிக் கஞ்சி

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. சௌந்தரம்மாள் வாயைத் திறக்கவில்லை.

காலையிலும் திறக்கவில்லை. நேற்று இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

என்ர சாமி, என்ர கண்ணு என்று கெஞ்சிப் பார்த்தாள், ஊட்ட வந்த பணிப்பெண். முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்த குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது.

சௌந்தரம்மாளுக்குத் தன் பெயரே மறந்து வெகுகாலமாயிற்று. பெற்ற மகன் வந்து நின்றாலும் யாரோ என்றுதான் பார்ப்பார். இந்த முதியோர் இல்லத்தில் அவர் வாங்கிச் சாப்பிட்டது இவள் ஒருத்தி கையில்தான்.

இப்போது அதுவும் போயிற்று.

எல்லாம் அந்த ஊசியால் வந்தது.

மழைக்காலத்துக்கு முன்னால் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். நமக்கு வந்தால் நாலு நாள் படுத்து எழுந்துவிடுவோம், இவர்களுக்கு ஒட்டிக்கொண்டால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று சிஸ்டர் படித்துப் படித்துச் சொன்னார். எல்லோரும் வரிசையில் நின்றார்கள். இவள் சலவை அறையில், காயப்போட்ட போர்வைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

படுக்கைப் புண்ணைக் கழுவும்போது முகம் சுளிக்காதவள்தான். செத்தவர்களைத் தனியாளாகக் குளிப்பாட்டியவள்தான். ஊசி என்றால் மட்டும் உயிர் போய்விடும். நல்ல இடத்துக்குத்தான் வேலைக்கு வந்தாள்!

ஊசி போடாதவர்கள் முகக்கவசத்தோடுதான் அறைக்குள் போக வேண்டும் என்றார்கள். போட்டுக்கொண்டால் போகிறது, ஒரு துண்டுத் துணிதானே என்று நினைத்தாள்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர் பக்கத்தில் வந்தார்.

"இத்தன நாளும் அவங்க பசிக்குதுன்னு வாயத் தொறக்கல கண்ணு. நீ 'ஆ'ன்னு காட்டறதப் பாத்துத்தான் தொறந்துட்டு இருந்தாங்க."

கரண்டியைத் தூக்கும்போதெல்லாம் தன் வாயும் கூடவே திறந்துகொள்கிறது என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. பிள்ளைக்கு ஊட்டிய பழக்கம். இப்போதும் திறந்துதான் இருந்தது.

துணிக்குள்ளே.

சிஸ்டர் கரண்டியை வாங்கித் தன் வாயைத் திறந்து காட்டினார். சௌந்தரம்மாளின் கண்கள் அவரைத் தாண்டி இவளிடமே வந்தன. முகக்கவசத்தில் முட்டி நின்றன.

இப்படியே போனால் மூக்கில் குழாய் வைக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவளுக்குத் தன் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது. அங்கேயே ஊசியைக் கொண்டுவரச் சொன்னாள். கையை நீட்டிக் கண்ணை இறுக மூடினாள். ஊசி இறங்கியபோது வாய் தானாகத் திறந்தது.

அவ்வளவுதான். எறும்புக்கடி. இதற்குப் போயா?

அப்போதே முகக்கவசத்தில் கை வைத்தாள். சிஸ்டர் தடுத்தார். மருந்து உடம்பில் வேலை செய்ய இரண்டு வாரமாகும். அதுவரை கழற்றக் கூடாது.

இரண்டு வாரம் இந்த உயிர் தாங்குமா?

நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். பிறகு கஞ்சிக் கிண்ணத்தைச் சிஸ்டரிடம் கொடுத்தாள். சௌந்தரம்மாளை நிமிர்த்தி, ஜன்னலைப் பார்க்க உட்கார வைத்தாள். வெளியே போனாள்.

கட்டடத்தைச் சுற்றி, நனைந்த செம்பருத்திச் செடிகளை விலக்கிக்கொண்டு, மூடிய கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள்.

முகக்கவசத்தைக் கழற்றினாள்.

கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே அந்த முகம் மெல்ல நிமிர்ந்தது. சிஸ்டர் கரண்டியைத் தூக்கினார்.

ஆ.

மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. முந்தானையால் அவசர அவசரமாகத் துடைத்தாள்.

சிஸ்டரின் கையில் கரண்டி காலியாக இருந்தது.