ஒரு ஆள் சாப்பாடு

“இன்னும் பதினொரு நாள்தான் இருக்கும்மா. அதுக்குள்ள எனக்குச் சமைக்கக் கத்துக் கொடுத்துருவியா?”

எதிர்வீட்டுப் பெரியவர் வாசலில் நின்று இப்படிக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

அவளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவருக்கு அறுபத்துமூன்று வயது. மனைவி இறந்த பிறகு, ஓய்வுபெற்றதும் இந்தச் சின்ன வீட்டை வாங்கிக் குடிவந்து ஆறு மாதம்தான் ஆகிறது. போன வாரம், நான்கு நாள் பழைய சோற்றைச் சாப்பிட்டு வாந்தியெடுத்து விழுந்தவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்ததே அவள்தான்.

வெளியூரிலிருந்து ஓடிவந்த மகள் கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாளாம். மறுபடி வருவாள், அவள் கண்ணெதிரே அப்பா தனக்கென்று சமைத்து ஒருவேளை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு அவரைத் தன்னோடு கூட்டிப் போய்விடுவாள்.

“மாப்பிள்ளை தங்கமானவர்தான். ஆனா அங்க போனா நான் விருந்தாளி. இங்க நான் வீட்டுக்காரன்,” என்றார்.

அன்று மாலையே பாடம் ஆரம்பமானது. அவர் எடுத்து வைத்த பாத்திரத்தைப் பார்த்து, யாரெல்லாம் வருகிறார்கள் என்று கேட்டாள். யாரும் இல்லை என்றார். ஆனால் அரிசியை அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். உப்பை உள்ளங்கை நிறைய எடுத்தார். வெந்ததை அவள் வீடு, மாடி வீடு, வாட்ச்மேன் என்று பங்கு போட்டும் மீதி இருந்தது. ஒருவராலும் இரண்டாவது வாய் வைக்க முடியவில்லை.

அடுப்படிப் பக்கமே போனதில்லையா என்று கேட்டாள். வீட்டில் மனைவி உள்ளே விட்டதில்லை என்றார். என்ன வேலை பார்த்தீர்கள் என்றதற்கு, “காலேஜ்ல இருந்தேன்மா” என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பேராசிரியர். அவளுக்கு இப்போது எல்லாம் புரிந்தது. கத்தி மட்டும் அவர் கையில் சரசரவென்று ஓடியது. அவள் ஒன்றை உரிப்பதற்குள் அவர் நான்கை அரிந்து குவித்திருந்தார். விலங்கியலாக இருக்கும், தவளை அறுத்த கை என்று நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் ‘சார்’ ஆனார். அவர் அவளை ‘டீச்சர்’ என்றார்.

சார் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்து, காலை அகட்டி நின்று கிண்டினார். படகு ஓட்டுகிறீர்களா என்று டீச்சர் கேட்டாள். வெட்கத்தோடு ஒரு கையை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அது தானாகத் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது.

நான்காம் நாள் அவள் பரிசோதனைக் கூடத்திலிருந்து அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்தாள். அவர் அதைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“புதுசுதான் சார். யாரும் எதுவும் பிடிச்சுக் கொடுக்கல.”

நூறு என்ற கோடு வரை அரிசி. முப்பது வரை பருப்பு. உப்புக்குத் தேக்கரண்டி, அதுவும் பாதி. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

ஆனாலும் அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் கை இன்னொரு பிடி அரிசியைப் போட்டுவிடும். ஏழாம் நாள், பொங்கி வழிந்த கஞ்சியில் அடுப்பு அணைந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“பத்தாதுன்னு பயமா இருக்கும்மா. இத்தனூண்டு போட்டா, யாரோ தட்டோட வந்து நின்னுட்டுத் திரும்பிப் போயிடுவாங்கன்னு தோணுது.”

“யார் சார் வரப்போறாங்க? நீங்க ஒருத்தர்தானே?”

அவர் எழுந்து, வழிந்த கஞ்சியைத் துடைத்தார். “ஆமா. நான் ஒருத்தன்தான்,” என்றார்.

எட்டாம் நாள் சரியாக வந்தது. ஒன்பதாம் நாள் மறுபடி நான்கு பேர் சாப்பாடு. பத்தாம் நாள் கொஞ்சம்தான் கூட, பரவாயில்லை.

பதினோராம் நாள் மகள் வந்து இறங்கினாள். அப்பாவின் துணிகளுக்கென்று ஒரு காலிப் பெட்டியும் கொண்டுவந்திருந்தாள். அவர் குப்பியில் அரிசியை அளந்து போட்டார். கை இன்னொரு தடவை டப்பாவுக்குள் போனது. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கை வெறுமனே திரும்பி வந்தது.

சோறு, பருப்பு, ஒரு முட்டை. உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். மகள் எழுந்து போய் மூடியைத் திறந்தாள். பாத்திரத்தில் ஒரு பருக்கை இல்லை. அதையே பார்த்தபடி நின்றவள், பிறகு பெட்டியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

“சரிப்பா. நீங்க இங்கயே இருங்க.”

டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. பாடம் நடத்தியே காலத்தைக் கழித்த ஒரு பேராசிரியர், அதுவும் அடுப்பையே அறியாதவர், பதினொரு நாளில் தேறியது லேசுப்பட்ட காரியமில்லை என்றாள்.

“யாரு, பேராசிரியரா?” மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் மும்முரமாகத் தட்டைக் கழுவத் தொடங்கினார்.

“அப்பா காலேஜ் ஹாஸ்டல்ல தலைமைச் சமையல்காரர்க்கா. முப்பத்தோரு வருஷம், வேளைக்கு எண்ணூறு பேருக்குச் சமைச்சுப் போட்டவர்.”