சிறுத்தையிடம் கேட்டது

ஆள் தின்னும் சிறுத்தையைப் பற்றிய அந்தச் சின்ன பட்ஜெட் திகில் படத்தில் சிறுத்தையாக நடித்தவர் எபனேசர். தேயிலைத் தோட்டத்தில் மதிய இடைவேளையின்போது சிறுத்தைத் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து எதிரே உட்கார்ந்தாள். போன வருஷம் இதே சரிவில்தான் தன் ஏழு வயது மகளைச் சிறுத்தை அடித்துத் தூக்கிப்போனது என்றாள்.

"நாலு வரிசை தள்ளித்தாண்ணே நின்னேன். எனக்குச் சத்தமே கேக்கல. பிள்ள என்னைக் கூப்பிட்டிருப்பா, இல்ல?"

எபனேசர் சிறுத்தையை நேரில் பார்த்ததுகூட இல்லை. அவளோ அவர் கையில் மாட்டியிருந்த நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட நேரமே இருந்திருக்காதும்மா. முதல்ல கழுத்தத்தான் பிடிக்கும்," என்றார்.

அவள் குனிந்து வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஷூட்டிங் பார்க்க அங்கேயே ஒதுங்கி நின்றாள்.

டைரக்டர் அடுத்த காட்சியைச் சொன்னார். சிறுத்தை பாயும்போது குழந்தை மூன்று முறை 'அம்மா' என்று அலற வேண்டும்.

எபனேசர் தலையை மாட்டிக்கொள்ளவில்லை. "குழந்தை கத்த வேண்டாம் சார்."

"கத்தாம எப்படிய்யா ஜனம் பயப்படும்?"

"கத்தாது சார்," என்றார் மறுபடியும், அந்தப் பெண்ணுக்கும் கேட்கும்படி.